சபைத் தலைமை, குணம், தேற்றுதல்: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

ஜெபக்குழு முடிஞ்ச உடனே, கொயர் பிராக்டிஸ் முடிஞ்சு நாற்காலி அடுக்குற நேரத்துல, ராத்திரி போன்லன்னு ஒரே கேள்விங்களையே வேற வேற ஆளுங்க கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதி பதில் சொல்லி எனக்கே குழம்பிப்போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். நான் பாஸ்டர் கிடையாது, வேதாகமக் கல்லூரி வாசலையும் மிதிச்சதில்ல. பல வருஷமா ஒரு ஜெபக்குழுவை நடத்துறேன், அதுல நிறைய சொதப்பியும் இருக்கேன், ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க. கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன்.

1. அண்ணா, லீடர்னா யாரு? மைக் பிடிக்கிறவங்களா, கமிட்டில இருக்கிறவங்களா?

மைக், கமிட்டி எல்லாம் பொறுப்பு. பொறுப்பு இல்லாமலே தலைவரா இருக்கிறவங்க ஒவ்வொரு சபையிலயும் உண்டு, பொறுப்பு இருந்தும் யாரும் பின்னாடி போகாத ஆளுங்களும் உண்டு. ஒரு வீட்ல திடீர்னு ஒரு கஷ்டம் வந்தா முதல் போன் யாருக்குப் போகுதுன்னு பாருங்க. அனேகமா அவங்கதான் அந்தச் சபையோட லீடர், அவங்க பேர் நோட்டீஸ் போர்டுல இருக்காது.

இந்த சீட் ஆசை புதுசு இல்ல. மத்தேயு 20ல இயேசுவோட சீஷருங்க யாக்கோபு, யோவானோட அம்மா வந்து பசங்களுக்கு வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணுன்னு இடம் கேட்டாங்க, மீதி பத்து சீஷருக்கும் எரிச்சல் வந்துச்சு (அவங்களுக்கும் அந்த இடத்து மேல ஒரு கண்ணு இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன், இல்லாட்டி எரிச்சல் எதுக்கு). பெரியவனா இருக்கணும்னா பணிவிடைக்காரனா இருன்னு இயேசு அப்பவே சொல்லிட்டார். கேட்டாங்களா? கடைசி இராப்போஜனத்துலயும் நம்மில் யாரு பெரியவன்னு வாக்குவாதம் நடந்ததா லூக்கா 22 சொல்லுது. அதே ராத்திரிதான் அவர் துண்டைக் கட்டிக்கிட்டு கால் கழுவினது.

2. எனக்குப் பேச வராது பிரதர், நாலு பேர் முன்னாடி நின்னா கை நடுங்கும். நான் எப்படி லீடர் ஆக முடியும்?

1 தீமோத்தேயு 3ஐ எடுத்து, கண்காணிக்கு (சபையை மேற்பார்வை பண்றவருக்கு) என்னென்ன வேணும்னு பவுல் போட்ட பட்டியலை விரல் விட்டு எண்ணுங்க. ஏறத்தாழ 15 விஷயம் வரும். குடிக்கு அடிமை இல்லாதவன், கை நீட்டாதவன், பண ஆசை இல்லாதவன், சண்டைக்குப் போகாதவன், பொறுமை உள்ளவன், வந்தவங்களை உபசரிக்கிறவன், சொந்த வீட்டை ஒழுங்கா நடத்துறவன், வெளி ஆளுங்ககிட்டயும் நல்ல பேர் எடுத்தவன்... இப்படியே போகும். இதுல திறமைன்னு சொல்லத்தக்கது ஒண்ணே ஒண்ணு, போதிக்கத் தெரிஞ்சவனா இருக்கணும்கிறது. மத்ததெல்லாம் குணம். நாம ஆள் தேடும்போது இதை அப்படியே தலைகீழா பண்றோம், நல்லாப் பேசுறாரா, பாடுறாரா, இங்கிலீஷ் வருமான்னு பாத்துட்டு குணத்தைப் போகப்போகப் பாத்துக்கலாம்னு விட்டுடறோம்.

அந்த ஒரு திறமையும் மேடைப்பேச்சுன்னு அர்த்தம் இல்ல. ஒரு பையன் பக்கத்துல உக்காந்து ஒரு அதிகாரத்தைப் புரிய வைக்கிறதும் போதனைதான். கை நடுங்குறதைப் பத்தி: எனக்கும் நடுங்கும், நாலாவது கேள்வில அந்தக் கதை வரும்.

3. உற்சாகப்படுத்துறதுன்னா "சூப்பர் பிரதர், கலக்கிட்டீங்க"ன்னு சொல்றதுதானே?

அது பாராட்டு. தப்பில்ல, ஆனா அதுக்கு ஆயுசு கம்மி. புதிய ஏற்பாட்டுல இதுக்கு வர்ற கிரேக்கச் சொல் பாராக்கலேயோ, அதுக்குப் பக்கத்துல வரச்சொல்லிக் கூப்பிடுறதுன்னு பொருள். நம்ம வேதாகமத்துல இதே சொல் குடும்பம் சில இடத்துல ஆறுதல்னும், சில இடத்துல புத்திசொல்லுதல்னும் வருது, பரிசுத்த ஆவியானவருக்கு யோவான் 14ல வர்ற தேற்றரவாளன்கிற பேரும் அதுலேர்ந்து வந்ததுதான். ஆறுதலும் புத்திமதியும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு பாருங்க, அதுலயே விஷயம் அடங்கிடுச்சு. கூட நிக்கிறவன்தான் புத்தி சொல்ல முடியும், தூரத்துல நின்னு சொன்னா அது விமர்சனம்.

முகஸ்துதி வேற. என்கிட்டேர்ந்து ஏதோ வேணும்கிறதுக்காக என்னை நல்லவன்னு சொல்றது. பிறனை முகஸ்துதி பண்றவன் அவன் காலுக்கு வலை விரிக்கிறான்னு நீதிமொழிகள் 29:5ல இருக்கு. அந்த வலைல லீடருங்கதான் அதிகம் விழறாங்க, ஏன்னா வாராவாரம் யாராவது ஒருத்தர் வந்து விரிச்சுட்டே இருப்பாங்க.

4. சரி, ஆனா எனக்கு வார்த்தையே வரமாட்டேங்குது. எப்படிச் சொல்றது, என்ன சொல்றது?

குறிப்பா சொல்லுங்க. அவ்வளவுதான் ரகசியம். ரோமர் 16ஐ நாம பேர் லிஸ்ட்டுன்னு தாண்டிப் போயிடறோம், அங்க பவுல் இருபதுக்கும் மேல ஆளுங்களைப் பேர் சொல்லி வாழ்த்துறார், நிறையப் பேருக்கு ஒரு குறிப்பும் சேர்த்துப் போடுறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் என் உயிருக்காகத் தங்களோட கழுத்தையே நீட்டினாங்க, திரிபேனாளும் திரிபோசாளும் கர்த்தருக்குள் பாடுபடுறவங்க, ரூப்புவோட அம்மா எனக்கும் அம்மா. "அனைவருக்கும் என் வாழ்த்துகள்"னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம், முடிக்கல. கடைசில, சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்த தெர்தியுவும் தன் பேரைப் போட்டு ஒரு வாழ்த்து சொல்லிக்கிறார், அந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்ப என் கதை. முதல் தடவை ஆராதனைல வேதபாடம் வாசிக்கச் சொன்னாங்க. மேடை ஏறினதும் காகிதம் ஆடுறது எனக்கே தெரியுது, தப்பான அதிகாரத்தை எடுத்து நாலு வசனம் வாசிச்சுட்டு, யாரோ ஜாடை காட்டினதும் திருப்பி சரியான இடத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். இறங்கி வந்து இனி இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். முடிஞ்சு வெளிய வரும்போது வயசான ஒரு அம்மா கையைப் பிடிச்சு, "தப்பா வாசிச்சியே அந்த நாலு வசனம், அது எனக்கு இன்னிக்கு வேண்டியிருந்துச்சு தம்பி, கடைசி வசனத்தை நிறுத்தி நிதானமா வாசிச்ச பாரு"ன்னாங்க. நல்லா வாசிச்சேன்னு அவங்க பொய் சொல்லல. நடந்ததுல நல்லது எதுவோ அதை மட்டும் எடுத்துக் காட்டினாங்க. அடுத்த மாசம் திரும்ப வாசிச்சேன்.

5. சாவு நடந்த வீட்டுக்குப் போனா என்ன வசனம் சொல்லலாம்?

முதல் நாள் எதுவும் வேண்டாம். யோபுவோட மூணு சிநேகிதருங்க ஏழு நாள் ராப்பகலா அவர்கூட தரையில உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. அதுவரைக்கும் அவங்க பண்ணது அத்தனையும் சரி. வாயைத் திறந்தப்பதான் கெட்டுச்சு, "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்"னு யோபு அலுத்துக்கிற அளவுக்குப் போச்சு. போங்க, உக்காருங்க, தண்ணி கொண்டு வந்து குடுங்க, அவங்க அழுதா அழ விடுங்க. "எல்லாம் நன்மைக்கேதுவா நடக்கும்"கிற வசனம் சத்தியம்தான், ஆனா அதை அவங்களே சொல்ற நாள் வரும், நீங்க அவசரப்பட வேண்டாம்.

ரெண்டு வாரம் கழிச்சு கூட்டமெல்லாம் கலைஞ்ச பிறகு ஒரு போன் பண்ணுங்க. அப்பதான் யாரும் பண்ண மாட்டாங்க.

6. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி அன்பா இருந்தா போதாதா? ஏன் ஒருத்தர்கிட்ட கண்டிப்பு, இன்னொருத்தர்கிட்ட மென்மை?

அன்பு ஒண்ணுதான், மருந்து வேற வேற. 1 தெசலோனிக்கேயர் 5:14ல ஒழுங்கில்லாதவங்களுக்குப் புத்தி சொல்லு, திடன் இல்லாதவங்களைத் தேற்று, பலவீனரைத் தாங்கு, எல்லார்கிட்டயும் நீடிய சாந்தமா இருன்னு இருக்கு. மூணு விதமான ஆள், மூணு விதமான வேலை, பொறுமை மட்டும் மூணு பேருக்கும் பொது.

நாம பண்ற தப்பு என்னன்னா மருந்தை மாத்திக் குடுக்கிறது. மனசு உடைஞ்சு ரெண்டு வாரமா ஆராதனைக்கு வராதவருக்குக் கண்டிப்பு போகும், வேணும்னே பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறவருக்கு ஆறுதல் போகும். முன்னவர் சபையை விட்டே போயிடுவார், பின்னவர் சொகுசா அப்படியே இருந்துடுவார். யாரு எந்த வகைன்னு தெரியணும்னா அவங்களோட கொஞ்சம் நேரம் செலவு பண்ணியே ஆகணும், ஞாயித்துக்கிழமை வாசல்ல கை குலுக்குற அரை நிமிஷத்துல அது தெரியாது.

7. அவர் ஜெபிச்சா நோய் சரியாகுது, மெசேஜ் குடுத்தா அழுவாங்க. ஆனா வீட்ல பயங்கர கோவக்காரர், கூட வேலை செய்றவங்களைத் திட்டுவார். தேவன் அவரைப் பயன்படுத்துறார்னா அவர் சரியாத்தானே இருக்கணும்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வந்தது. பதில் கசப்பு. வரம் வேலை செய்றது ஒரு ஆளோட உள்ளத்துக்கு சான்றிதழ் இல்ல. உம்முடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசைத் துரத்தினோம், அற்புதங்கள் பண்ணோம்னு வந்து நிக்கிறவங்களைப் பாத்து, நான் உங்களை ஒருக்காலும் அறியலைன்னு இயேசு சொல்றார், மத்தேயு 7. அவங்க அற்புதம் பண்ணவே இல்லைன்னு அவர் சொல்லல, அதைக் கவனிங்க. முடி வெட்டப்படாத வரைக்கும் பெரிய பலசாலியா இருந்த சிம்சோன் கதையில இன்னும் பயமா இருக்கும், கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அவன் அறியலைன்னு ஒரு வரி வருது. முடி போயிடுச்சு, முன்ன மாதிரியே உதறிக்கிட்டு எழுந்திரிக்கப் பாக்கிறான்.

வரம் குடுக்கப்படுறது, கனி விளையுறது. ஒரே ராத்திரியில ஒருத்தருக்கு வரம் கிடைக்கலாம், கலாத்தியர் 5ல சொன்ன சாந்தமும் இச்சையடக்கமும் ஒரே ராத்திரியில வராது. அதனால புதுசா வந்தவரோட வரத்தைப் பாத்து உடனே பெரிய பொறுப்பு குடுக்காதீங்க. நூதன சீஷன், அதாவது புதுசா விசுவாசத்துக்கு வந்தவன், வேண்டாம்னு ரெண்டாவது கேள்வில பாத்த பட்டியல்லயே இருக்கு, இறுமாப்பு வந்து விழுந்துடுவான்னு காரணமும் போட்டிருக்கு.

8. என் குணமே இப்படித்தான் அண்ணா, கோவம் எங்க அப்பாகிட்டேர்ந்து வந்தது. மாறுமா?

யாக்கோபையும் யோவானையும் இயேசு பொவனெர்கேஸ்னு கூப்பிட்டார், இடிமுழக்க மக்கள். ஒரு சமாரியர் கிராமம் தங்க இடம் குடுக்கலைன்னதுக்கு, வானத்துலேர்ந்து அக்கினி இறங்கி இவங்களை அழிக்கட்டும்னு கட்டளையிடலாமான்னு கேட்ட ஆளுங்க இவங்க. சபைப் பாரம்பரியப்படி அந்த யோவான்தான் "பிள்ளைகளே, ஒருவரையொருவர் நேசியுங்கள்"ங்கிற தொனியில கடிதம் எழுதினவர். நடுவுல எத்தனை வருஷம் போயிருக்கும்!

ரோமர் 5ல உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும் உண்டாக்கும்னு வருது. அந்தப் பரீட்சைங்கிற சொல்லோட மூலப் பொருள், சோதிச்சுப் பாத்துத் தேறின தன்மை. நாம இன்னிக்கு குணம்னு சொல்றோமே அதுக்கு ரொம்ப கிட்ட வரும். அது கஷ்டத்துல பொறுத்துப் பொறுத்துத்தான் வரும்னு பவுல் வரிசையே போட்டுட்டார், செமினார்ல உக்காந்தா வராது. நடைமுறைக்கு ஒண்ணு சொல்றேன்: கோவம் வந்தா அன்னிக்கு மெசேஜ் டைப் பண்ணாதீங்க, மறுநாள் பண்ணுங்க. இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன், அடுத்த கேள்வி அதுதான்.

9. டீம்ல ஒருத்தர் சரியா வர்றதில்ல. குரூப்ல பொதுவா ஒரு மெசேஜ் போட்டா புரிஞ்சுக்குவார்ல?

புரிஞ்சுக்குவார், புண்பட்டுக்குவார். "சிலர்"னு ஆரம்பிக்கிற மெசேஜ் யாரைச் சொல்லுதுன்னு குரூப்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மத்தேயு 18:15ல நீயும் அவனும் தனிச்சிருக்கும்போது சொல்லுன்னு தெளிவா இருக்கு. கேக்கலைன்னா ரெண்டொருத்தரைக் கூட்டிட்டுப் போறது அடுத்தது, சபைக்குச் சொல்றது கடைசி. நாம கடைசிப் படியிலேர்ந்து ஆரம்பிச்சு மேல ஏறிப் பாக்கிறோம்.

நான் பண்ணது இதைவிட மோசம். கொயர்ல ஒருத்தர் மூணு வாரம் பிராக்டிஸுக்கு வரல, அடுத்த மாச லிஸ்ட் போடும்போது அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பேரை எடுத்துட்டேன். லிஸ்ட்டை செவுத்துல ஒட்டினேன். அவர் வந்து மேலேர்ந்து கீழ ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை விரல் வச்சுத் தேடினார், நான் ஆர்மோனியப் பெட்டியை மூடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். பிறகுதான் தெரிஞ்சுது, அவருக்கு வேலை போயிருந்துச்சு, கிடைச்ச ராத்திரி வேலைக்குப் போயிட்டு இருந்தார், வெளிய சொல்லிக்க கூச்சம். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லைன்னார், திரும்பப் பாட வர்றதுக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா தீர்ந்திருக்கும் விஷயம்.

10. பாஸ்டரே தப்பு பண்ணா? "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே"ன்னு வசனம் இருக்கே, நாம பேசலாமா?

அந்த வசனத்தை முழுசா வாசிங்க. சங்கீதம் 105ல அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு தேசம் தேசமா அலைஞ்சப்ப, அவங்களைத் தொடாதேன்னு ராஜாக்களைக் கடிஞ்சு சொன்னது. பலமுள்ளவன்கிட்டேர்ந்து பலமில்லாதவனைக் காப்பாத்த வந்த வசனம். அதை எடுத்து பலமுள்ளவருக்கே கேடயமா மாட்டி விடுறோம். தாவீது தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜா மேல கை போடலைங்கிறதும் உண்மைதான், ஆனா சால்வைத் தொங்கலை அறுத்தெடுத்துக் காட்டி, ஏன் என்னைத் துரத்துறீங்கன்னு சவுல் முகத்துக்கு நேராவே கேட்டார். கொல்லாம இருக்கிறது வேற, கேக்காம இருக்கிறது வேற. அதே தாவீது ராஜாவாகி தப்பு பண்ணப்ப நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி "நீயே அந்த மனுஷன்"னார். தாவீது நாத்தானைச் சபையை விட்டு நீக்கல, பாவம் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டார்.

அதுக்காக காதுல விழுந்ததையெல்லாம் கொண்டு போய்க் கொட்டவும் கூடாது. மூப்பருக்கு விரோதமான புகாரை ரெண்டு மூணு சாட்சி இல்லாம ஏத்துக்காதேன்னு 1 தீமோத்தேயு 5:19 சொல்லுது, அடுத்த வசனமே பாவம் செஞ்சவங்களை எல்லார் முன்னாடியும் கடிந்துகொள்னு சொல்லுது. முன்னது பொய்ப் புகார்லேர்ந்து பாதுகாப்பு, பின்னது மூடி மறைக்கிறதுலேர்ந்து பாதுகாப்பு.

ஒரு விஷயம் தனியா சொல்லணும். குழந்தைங்க கிட்டயோ பெண்கள் கிட்டயோ யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்கன்னா, அடிதடின்னா, அது மத்தேயு 18 படி தனியாப் பேசி முடிக்கிற சமாச்சாரம் இல்ல. அது குற்றம், போலீஸுக்குப் போகணும். "சபை பேரு கெட்டுடும்"னு சொல்லி அமுக்குறவங்க எந்தப் பதவில இருந்தாலும் கேக்காதீங்க, பாதிக்கப்பட்டவங்க பக்கத்துல நில்லுங்க.

11. காணிக்கைக் கணக்கு கேட்டா சந்தேகப்படுறதா ஆகாதா? நம்பிக்கை வேணும்ல?

பவுலை யாரும் சந்தேகப்படுறதுக்கு முன்னாடியே அவர் ஏற்பாடு பண்ணிட்டார். எருசலேம் பரிசுத்தவான்களுக்கு (அங்க இருந்த விசுவாசிகளுக்கு) சேர்த்த பணத்தைக் கொண்டு போறப்ப சபைகள் தெரிஞ்செடுத்த ஆளுங்களையும் கூட அனுப்பினார், கர்த்தருக்கு முன்னாடி மட்டும் இல்ல மனுஷருக்கு முன்னாடியும் யோக்கியமா இருக்கணும்னு 2 கொரிந்தியர் 8ல எழுதினார். இயேசு கூட இருந்த பன்னிரண்டு பேர்லயே பணப்பையை வச்சிருந்தவன் திருடினான்னு யோவான் 12:6 சொல்லுது, அப்புறம் நம்ம டிரஷரர் மேல கணக்கு கேக்கக்கூடாதுன்னா எப்படி.

1948ல கலிஃபோர்னியாவுல மொடெஸ்டோங்கிற ஊர்ல கூட்டம் நடத்துறப்ப அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவர் கூட இருந்தவங்களும் உக்காந்து, சுவிசேஷகருங்க எதுல விழறாங்கன்னு யோசிச்சு நாலு விஷயத்துல முடிவு எடுத்தாங்க: பணம், மனைவி அல்லாத பெண்ணோட தனியா இருக்கிறது, உள்ளூர் சபைகளைக் குறை பேசுறது, வந்த கூட்டத்தைக் கூட்டிச் சொல்றது. நாலாவதைப் படிச்சப்ப சிரிச்சுட்டேன். 200 பேர் வந்த கூட்டத்தை ஆயிரம்னு சொல்றது நமக்கு பொய்யாவே தோணாதே. கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை எல்லார் முன்னாடியும் வாசிச்சுட்டா நேர்மையா இருக்கிற டிரஷரருக்குத்தான் முதல் நிம்மதி.

12. எல்லா வேலையும் நானே செய்றேன். நான் விட்டா எதுவும் நடக்காது. யாரும் முன்வர மாட்டேங்கிறாங்க.

மோசேயும் அப்படித்தான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நியாயம் விசாரிச்சுட்டு உக்காந்திருந்தார். மாமனார் எத்திரோ வந்து ஒரு நாள் பாத்துட்டு நீ செய்றது நல்லதில்லைன்னு சொல்லிட்டார், நீயும் தொய்ஞ்சு போவ, ஜனங்களும் தொய்ஞ்சு போவாங்கன்னார். ஜனங்களும் தொய்வாங்கங்கிறதை நாம கவனிக்கிறதில்ல, நம்ம தியாகத்தால அவங்களுக்கு நல்லதுன்னே நினைச்சுட்டு இருப்போம்.

அப்போஸ்தலர் 6ல கிரேக்க மொழி பேசின விதவைகளுக்குச் சாப்பாடு சரியாப் போகலைன்னு முறுமுறுப்பு வந்துச்சு, ஏழு பேரைத் தெரிஞ்செடுத்தாங்க, அந்த ஏழு பேரோட பேரும் கிரேக்கப் பேர். எந்தப் பக்கத்துலேர்ந்து குறை வந்துச்சோ அவங்க ஆளுங்க கையிலயே பொறுப்பு போன மாதிரிதான் எனக்குப் படுது. உங்க சபையில குறை சொல்லிக்கிட்டே இருக்கிறவர் ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட ஒரு வேலையைக் குடுத்துப் பாருங்க. முதல்ல சொதப்புவார், நீங்க எட்டிப் பாத்து சரி பண்ணாம இருக்கிறதுதான் கஷ்டம். "யாரும் முன்வரல"ன்னு சொல்ற நிறைய பேர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, அறிவிப்பு மட்டும்தான் குடுத்திருப்பாங்க.

13. பாஸ்டருக்கு டிப்ரஷன் வரலாமா? அது விசுவாசக் குறைவுதானே?

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலைல ஜெயிச்ச கையோட சூரைச்செடிக்குக் கீழ போய்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கோன்னார். தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டார், எழுப்பி அடையும் தண்ணியும் குடுத்தார், திரும்பத் தூங்க விட்டார், திரும்பக் குடுத்தார். கேள்வி கேட்டது அதுக்கு அப்புறம், ஓரேப் மலைல.

சார்லஸ் ஸ்பர்ஜன் பெரிய பிரசங்கியார்னு எல்லாருக்கும் தெரியும். 1856 அக்டோபர்ல லண்டன்ல அவர் பேசிட்டு இருந்த மண்டபத்துல யாரோ தீன்னு கத்த, நெரிசல்ல 7 பேர் செத்துப் போனாங்க. அவருக்கு அப்ப 22 வயசு. அது அவரை உடைச்சுப் போட்டுச்சு, வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போச்சு, அதை அவர் மறைக்கல, தன்கிட்டப் படிச்ச ஊழியர்களுக்கே சொல்லிக் குடுத்தார். அதனால விசுவாசக் குறைவுன்னு சொல்லி ஏற்கெனவே படுத்திருக்கிறவர் மேல இன்னொரு கல்லைத் தூக்கி வைக்காதீங்க. தூக்கம் போச்சு, சாகலாம்னு தோணுதுன்னு யாராவது சொன்னா ஜெபமும் பண்ணுங்க, தனியா விடாம அன்னிக்கே டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விரோதம் இல்ல.

14. அப்ப லீடரை யாரு தேற்றுவா?

நீங்கதான். தாவீது காட்டுல ஒளிஞ்சிருந்தப்ப யோனத்தான் எழுந்து போய் தேவனுக்குள்ளே அவர் கையைத் திடப்படுத்தினார், 1 சாமுவேல் 23. சவுல் ராஜாவோட மகன் யோனத்தானுக்குத்தான் அடுத்த சிம்மாசனம் வரணும், அதை விட்டுக் குடுத்துட்டுப் போய் தேற்றினார். உங்க பாஸ்டர்கிட்ட போன மாசம் சொன்ன மெசேஜ்ல எந்த வரி உங்க வீட்ல எதை மாத்துச்சுன்னு ஒரு நாள் சொல்லிப் பாருங்க, நாலாவது கேள்வில சொன்ன மாதிரி குறிப்பா. "நல்லா இருந்துச்சு ஐயா"ங்கிறதை அவர் ஆயிரம் தடவை கேட்டாச்சு.

15. நான் பெண். எங்க சபையில பெண்களுக்குப் பொறுப்பு குடுக்க மாட்டாங்க. நான் என்ன பண்றது?

குருத்துவம், பிரசங்க பீடம் பத்தி சபைக்கு சபை நிலைப்பாடு வேற, அதை நான் இங்க தீர்க்கப் போறதில்ல. ஆனா ரோமர் 16ஐத் திரும்பப் பாருங்க, முதல் பேரே பெபேயாள், கெங்கிரேயா சபையில ஊழியக்காரி, பவுல் உட்பட அநேகருக்கு ஆதரவா இருந்தவங்க. அப்பொல்லோ மாதிரி பேச்சுல வல்லவரான பிரசங்கியாரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இன்னும் தெளிவா விளக்கினதுல பிரிஸ்கில்லாளுக்கும் பங்கு உண்டு. முதல் கேள்வில சொன்ன அந்த முதல் போன் நிறைய சபையில ஒரு பெண்ணுக்குத்தான் போகுது, கமிட்டிக்கு அது தெரியாம இருக்கலாம்.

16. விழுந்துபோன ஊழியரை மன்னிச்சுட்டா திரும்ப மேடை ஏத்திடலாம்ல? பேதுருவை ஏத்துக்கலையா?

மன்னிப்பு உடனே குடுக்கலாம், குடுக்கணும். பொறுப்பு வேற, நம்பிக்கை வேற. பத்தாவது கேள்வில சொன்ன மாதிரி குற்றம் செஞ்சவர்னா அந்த இடத்துக்கு அவரைத் திரும்ப விடக்கூடாது, மனந்திரும்பினது உண்மைன்னா அவரே கேக்க மாட்டார்.

மத்த விழுகைகளுக்கு பேதுரு கதை நல்ல வழிகாட்டி, ஆனா மெதுவா வாசிக்கணும். இயேசுவைத் தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்சது கரிநெருப்பு பக்கத்துல, யோவான் 18. கடற்கரையில இயேசு காலைச் சாப்பாடு வச்சிருந்ததும் கரிநெருப்பு மேலதான், யோவான் 21. மூணு தடவை மறுதலிச்சவர்கிட்ட மூணு தடவை கேள்வி, மூணாவதுல பேதுருவுக்குத் துக்கம் வந்துடுச்சு. நடந்ததைப் பேசாம மூடிட்டு "வா, ஊழியம் பண்ணு"ன்னு அவர் சொல்லல. முதல்ல சாப்பிட வச்சார், அதையும் மறக்காதீங்க.

17. பவுலும் பர்னபாவும் மாற்கு விஷயத்துல சண்டை போட்டுப் பிரிஞ்சாங்களே, ரெண்டு பேர்ல யாரு கரெக்ட்?

பர்னபாங்கிறது பட்டப் பேர், ஆறுதலின் மகன்னு அர்த்தம், சொந்தப் பேர் யோசே. எருசலேம்ல எல்லாரும், முன்ன சபையைத் துன்பப்படுத்தின சவுலை (பவுலோட இன்னொரு பேர்) பாத்துப் பயந்தப்ப கையைப் பிடிச்சு அப்போஸ்தலர்கிட்ட கூட்டிட்டுப் போனவர் இவர்தான். அதே மாதிரி, ஊழியப் பயணத்துல பாதி வழியில விட்டுட்டு ஓடின மாற்குவுக்கும் இன்னொரு வாய்ப்பு குடுக்கணும்னார். பவுல் ஒத்துக்கல, பயணம் ஆபத்தானது, நடுவுல விட்டுட்டுப் போற ஆளை நம்பி எப்படிப் போறது. எனக்கு ரெண்டு பேர் பக்கமும் நியாயம் தெரியுது. ஒருத்தர் வேலையைப் பாத்தார், ஒருத்தர் ஆளைப் பாத்தார்.

பர்னபா மாற்குவைக் கூட்டிக்கிட்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார். பல வருஷம் கழிச்சு பவுல் ஜெயில்லேர்ந்து, மாற்குவைக் கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்குப் பிரயோஜனமுள்ளவன்னு தீமோத்தேயுவுக்கு எழுதினார். பவுலோட கண்டிப்பாலயா, பர்னபா கூட நின்னதாலயா மாற்கு தேறினது? ரெண்டும் வேணும்னு நினைக்கிறேன், ஆனா கண்டிப்பு மட்டும் கிடைச்சிருந்தா அவர் வீட்லயே இருந்திருப்பார். பர்னபாவும் தப்பே பண்ணாதவர் இல்ல, அந்தியோகியாவுல புறஜாதியார் (யூதர் அல்லாதவங்க) கூட சாப்பிடாம விலகினவங்களோட அவரும் இழுபட்டார்னு கலாத்தியர் 2 சொல்லுது. நல்ல மனசுக்காரங்க கூட்டத்தோட போயிடுறது நடக்கும்.

18. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் கை பிடிச்சு வளர்த்த பையன் இப்ப என்னைவிட நல்லா பேசுறான், எல்லாரும் அவனைத்தான் கூப்பிடுறாங்க. சந்தோஷப்படணும், ஆனா வலிக்குது.

வலிக்கும். நானும் பட்டிருக்கேன், அதை ஆவிக்குரிய வார்த்தை போட்டு மூடி வச்சா அது ஒரு நாள் அவன் மேல குத்தம் கண்டுபிடிக்கிறதா வெளிய வரும். தேவன்கிட்டயும் நம்பிக்கையான ஒரு ஆள்கிட்டயும் பொறாமையா இருக்குன்னு அந்தச் சொல்லையே போட்டுச் சொல்லிடுங்க.

அந்தியோகியாவுல வேலை பெருகினப்ப பர்னபா தனியா சமாளிச்சிருக்கலாம், தர்சுவுக்குக் கிளம்பிப் போய் சவுலைத் தேடிக் கண்டுபிடிச்சு கூட்டிட்டு வந்தார். அப்போஸ்தலர் 13 ஆரம்பத்துல "பர்னபாவும் சவுலும்". அதே அதிகாரத்துக்கு உள்ளயே "பவுலும் அவனைச் சேர்ந்தவர்களும்"னு மாறிடுது. லீஸ்திராவுல ஊர் ஜனங்க தங்களோட தெய்வங்க பேரை வச்சு பர்னபாவை யுப்பித்தர்னும், பேச்சை நடத்தினவர்ங்கிறதால பவுலை மெர்க்குரின்னும் கூப்பிட்டாங்க, யாரு பேச யாரு பக்கத்துல நின்னாங்கன்னு அதுலயே தெரியுது. அதுக்கெல்லாம் பர்னபா மனசுல என்ன நினைச்சார்னு ஒரு வரி கூட எழுதல. பிரிஞ்ச பிறகும் கொரிந்தியருக்கு எழுதும்போது, தன் கையால வேலை செஞ்சு ஊழியம் பண்றவங்கன்னு தன்னையும் பர்னபாவையும் சேர்த்துத்தான் பவுல் சொல்றார்.

அடுத்த தடவை அந்தத் தம்பி பேசுற அன்னிக்கு ஏதோ வேலைன்னு சொல்லி வெளிய நிக்காதீங்க. உள்ள போய் முன் வரிசையில உக்காருங்க, முடிஞ்சதும் எந்த இடம் உங்களுக்கு உதவியா இருந்துச்சுன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. முதல் தடவை தொண்டை அடைக்கும், பரவாயில்ல, சொல்லுங்க.